போர் விமானிக்கு எவ்வளவு கணக்கு வேண்டும்?

நம் வீடுகளில் ஒரு பையனோ பெண்ணோ, "நான் விமானப் படையில் சேர்ந்து விமானம் ஓட்டப் போகிறேன்" என்று சொன்னால், பெரியவர்களிடமிருந்து உடனே ஒரு பதில் வரும்: "முதலில் கணக்கில் நல்ல மார்க்கு வாங்கிக் காட்டு, பறப்பதைப் பிறகு பார்க்கலாம்!" அந்த ஒரு வார்த்தையோடு எத்தனையோ ஆசைகள் அடங்கிப் போகின்றன. கணக்குப் பாடத்தில் சற்றுப் பின்தங்கிய குழந்தைகள், ஆகாயம் தங்களுக்கு உரியதல்ல என்று தீர்மானம் செய்துகொண்டு விடுகிறார்கள். இன்னொரு கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். "இந்தக் காலத்து விமானத்தில் எல்லாவற்றையும் யந்திரமே கணக்கிட்டுக் காட்டிவிடுகிறது. விமானிக்குக் கணக்கு எதற்கு?" என்பது அவர்கள் வாதம்.

இவ்விரண்டில் எது சரி? இதுதான் நாம் இங்கே ஆராயப் புகும் விஷயம். முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். போர் விமானிக்கு வேண்டிய கணித ஞானம் பலரும் அஞ்சுவதைக் காட்டிலும் மிகக் குறைவு. ஆனால் அந்தக் குறைந்த அளவுக் கணக்கு அவருக்குக் கைவந்திருக்க வேண்டிய விதமோ, பலரும் நினைப்பதைக் காட்டிலும் மிகக் கடினமானது.

வாசலில் நிற்கும் கணக்கு

முதலில் வாசற்கதவைப் பார்ப்போம். புனாவுக்கு அருகில் கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசிய ராணுவக் கலாசாலையில் சேர்வதற்கு நடைபெறும் பரீட்சையில், கணிதத்துக்கென்று தனியாக ஒரு தாள் உண்டு. 120 கேள்விகள், 300 மார்க்குகள், இரண்டரை மணி நேரம். அட்சர கணிதம், திரிகோண கணிதம், நுண்கணிதம், நிகழ்தகவு எல்லாம் அதில் வந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவனுக்கு அது லேசான பரீட்சை அல்ல.

ஆனால் விமானப் படைக்கு வேறொரு வாசலும் இருக்கிறது. கல்லூரிப் பட்டம் பெற்ற பிறகு சேர விரும்புவோருக்கு அது. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் கணிதமும் பௌதிகமும் படித்திருந்தால் போதும். பட்டம் எந்தத் துறையிலும் இருக்கலாம். சரித்திரமோ பொருளாதாரமோ படித்துப் பட்டம் பெற்றவர் விமானியாவதற்குத் தடை இல்லை. இதிலிருந்தே ஓர் உண்மை விளங்குகிறது. விமானப் படை கேட்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. கலாசாலைக் கணக்கு அல்ல.

பரீட்சையில் தேறியவர்களுக்கு வேறொரு சோதனை காத்திருக்கிறது. விமானம் ஓட்டும் தகுதி உண்டா என்று பார்க்கும் சோதனை அது. ஒருவருக்கு ஆயுளில் ஒரே ஒரு முறைதான் அதற்குச் சந்தர்ப்பம் தரப்படும். அங்கே சூத்திரங்களை யாரும் கேட்பதில்லை. கருவிகளின் முகப்பைப் பார்த்தவுடன் விமானம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல முடிகிறதா, கண்ணும் கையும் காலும் ஒன்றோடொன்று இசைந்து வேலை செய்கின்றனவா, ஒரே சமயத்தில் இரண்டு மூன்று காரியங்களைக் கவனிக்க முடிகிறதா என்பவையே கேள்விகள்.

இரண்டாவது உலக யுத்த காலத்திலும் அனுபவம் இதையே காட்டியது. 1941-ம் வருஷம் அமெரிக்கக் கடற்படையில் ஆட்சேர்ப்புப் பொறுப்பைக் கவனித்துவந்த நிமிட்ஸ் என்ற அதிகாரி, கணிதப் படிப்பைப் பற்றி ஒரு பேராசிரியருக்கு எழுதிய கடிதம் அந்நாட்டில் பெரிய பரபரப்பை உண்டாக்கிற்று. 27 கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த 4,200 மாணவர்களைக் கடற்படையார் சோதித்துப் பார்த்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தவறினார்கள். நுண்கணிதத்தில் தவறியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அவர்கள் இடறி விழுந்தது சாதாரண எண்கணிதக் கேள்விகளில்!

பிரிட்டனில் வேறு விதமான சங்கடம். அக்காலத்தில் அந்நாட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிடுவார்கள். ஆனால் விமானப் படைக்கோ ஆயிரக்கணக்கான வாலிபர்கள் தேவைப்பட்டார்கள். 1941-ல் 'ஏர் டிரெயினிங் கோர்' என்ற சிறுவர் படையை நிறுவி, திசையறியும் வித்தையையும் அதற்கு வேண்டிய கணக்கையும் வகுப்பு வைத்துக் கற்பித்தார்கள். கணக்கு வராது என்று ஒதுக்கிவிடாமல், வேண்டிய கணக்கை வேண்டிய அளவுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அது கைகூடவும் செய்தது.

காற்றோடு ஒரு வழக்கு

ஹைதராபாத்துக்கு அருகில் துண்டிகல்லில் இந்திய விமானப் படையின் கலாசாலை இருக்கிறது. அங்கே விமானத்தில் ஏறுவதற்கு முன் மாணவர்கள் தரைப் பாடங்களைப் படித்தாக வேண்டும். காற்றில் விமானம் எப்படி நிற்கிறது, வானிலை எப்படி மாறுகிறது, வழி கண்டுபிடிப்பது எப்படி என்பவையெல்லாம் அந்தப் பாடங்கள். இவற்றுள் கணக்கு மிகுதியாக வேண்டியிருப்பது வழி கண்டுபிடிப்பதில்தான்.

காவிரியில் வெள்ளம் போகும்போது பரிசல் தள்ளுகிறவரைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த விஷயம் எளிதில் புரியும். எதிர்க்கரையில் இருக்கும் துறைக்குப் போக வேண்டுமானால், அவர் துறையை நோக்கியே பரிசலைச் செலுத்துவதில்லை. நீரோட்டத்தை எதிர்த்துச் சற்று மேற்புறமாகச் செலுத்துகிறார். வெள்ளம் கீழே இழுக்க, அவர் மேலே தள்ள, பரிசல் துறையில் போய்ச் சேர்கிறது. ஆகாயத்தில் காற்றுத்தான் வெள்ளம். மணிக்கு 180 கடல் மைல் வேகத்தில் போகும் விமானத்தைப் பக்கவாட்டில் 30 கடல் மைல் வேகத்தில் காற்று தள்ளினால், அரை மணி நேரத்தில் விமானம் 15 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 28 கிலோமீட்டர், வழி தவறிப் போயிருக்கும்.

எத்தனை டிகிரி திரும்பிப் பறந்தால் காற்றைச் சரிக்கட்டலாம்? திரிகோண கணிதம் படித்தவர்கள் சைன் அட்டவணையைத் தேடுவார்கள். விமானி அவ்வாறு தேடுவதில்லை. 30-ஐ 180-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்குகிறார். 10 டிகிரி என்று விடை வருகிறது. அட்டவணையைப் பார்த்துச் சரியாகக் கணக்கிட்டால் 9.6 டிகிரி. வித்தியாசம் அரை டிகிரிகூட இல்லை. காற்றில் ஆடிக்கொண்டே போகும் விமானத்தை அரை டிகிரி சுத்தமாக யாரால் பிடித்துக்கொண்டிருக்க முடியும்? ஆகவே ஒரு கண நேரத்தில் கிடைக்கும் 10 டிகிரியே அவருக்குச் சிறந்த விடை.

இந்த 60 எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். 60 மைல் ஆரமுள்ள ஒரு வட்டம் போட்டால், அதன் சுற்றளவு சுமார் 377 மைல். அதை 360 டிகிரிக்குப் பங்கிட்டால் டிகிரிக்கு ஒரு மைலுக்குச் சற்று அதிகமாக வரும். அதாவது ஒரு டிகிரி திசை தவறினால், 60 மைல் போனபின் ஒரு மைல் விலகியிருப்போம். இதை 'அறுபதுக்கு ஒன்று' என்னும் விதியாக உலகமெங்கும் விமானிகள் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். 30 மைல் பறந்த பிறகு, கீழே தெரியும் ரயில் பாலத்தைப் பார்த்து 2 மைல் வலப்புறம் வந்துவிட்டோம் என்று தெரிந்தால், பிசகு 4 டிகிரி. அடுத்த 30 மைலுக்குள் பழைய பாதையில் சேர வேண்டுமானால் 8 டிகிரி இடப்புறம் திரும்ப வேண்டும். இவ்வளவுதான் கணக்கு. ஐந்தாம் வகுப்புக் குழந்தைகூடப் போடக்கூடியது.

ஆனால் போடும் சந்தர்ப்பம் எப்படிப்பட்டது? அடுப்பில் பால் பொங்குகிறது. தொட்டிலில் குழந்தை வீரிடுகிறது. வாசலில் தயிர்க்காரி மாதக் கணக்குக் கேட்கிறாள். மூன்றையும் கவனித்துக்கொண்டே தயிர்க்காரிக்குத் தம்படி தவறாமல் கணக்குச் சொல்லும் இல்லத்தரசியின் நிலைமைதான் விமானியின் நிலைமையும். உயரம் குறையாமல் பார்க்க வேண்டும். காதில் ஒலிக்கும் உத்தரவுக்குப் பதில் சொல்ல வேண்டும். பக்கத்தில் வேறு விமானம் வருகிறதா என்று கண் சுழல வேண்டும். இவற்றுக்கு இடையில் மிஞ்சுகிற மனசைக் கொண்டுதான் கணக்குப் போட வேண்டும். பயிற்சியாசிரியர் ஆகாயத்தில் திடீரென்று, "பெட்ரோல் எத்தனை நிமிஷத்துக்கு வரும்?" என்று கேட்கும்போது, தரையில் கெட்டிக்காரனாக இருந்த மாணவன் பெருக்கல் வாய்ப்பாட்டையே மறந்து விழிப்பதுண்டு. இப்படிக் கேட்டுப் பழக்கும் வித்தையும் தனியே கற்க வேண்டிய ஒன்று. விமானம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான பள்ளி 1954 முதல் நமது தாம்பரத்திலேயே நடந்துவருகிறது.

சுருக்கு வழிகள்

இதனால்தான் விமானிகள் கணக்கைச் சுருக்குவதற்கு அநேக உபாயங்களைக் கையாளுகிறார்கள். போர் விமானங்கள் தாழப் பறந்து வழி கண்டுபிடிக்கும்போது மணிக்கு 420 கடல் மைல் வேகத்தை மேற்கொள்வது வழக்கம். 400 என்றோ 450 என்றோ வைத்துக்கொள்ளாமல் 420 என்று வைப்பானேன்? 420-ஐ 60-ஆல் வகுத்தால் நிமிஷத்துக்குச் சரியாக 7 மைல். 28 மைல் தூரத்தில் ஓர் ஏரி இருந்தால் 4 நிமிஷத்தில் அது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஏதோ தவறு. கணக்குக் கஷ்டமாக இருந்தால், கணக்கு எளிதாகும்படி வேகத்தையே மாற்றிக்கொண்டு விடுகிறார்கள்!

வந்த திசைக்கு நேர் எதிராகத் திரும்புவதற்கு 180 டிகிரி கூட்ட வேண்டும். பதற்றத்தில் 180-ஐக் கூட்டும்போது கை வழுக்கும். ஆகையால் 200-ஐக் கூட்டி 20-ஐக் கழிக்கிறார்கள். 70 டிகிரியில் போய்க்கொண்டிருந்தால் 270. அதில் 20 போக 250. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் கற்பித்த மனக்கணக்கும், பழைய மளிகைக் கடைக்காரர்கள் காகிதமின்றிப் போட்ட கணக்கும் இந்த ஜாதியைச் சேர்ந்தவையே.

எரிபொருள் கணக்குத்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. விமானத்தில் 900 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆபத்துக்காக 300 கிலோவைத் தொடாமல் வைக்க வேண்டும். நிமிஷத்துக்கு 20 கிலோ செலவாகிறது. ஆக, கையில் இருப்பது 30 நிமிஷம். நிலையம் 140 மைல் தூரத்தில் இருக்கிறது; நிமிஷத்துக்கு 7 மைல் வீதம் திரும்பிச் செல்ல 20 நிமிஷமாகும். ஆகவே இன்னும் 10 நிமிஷந்தான் அங்கே சுற்றலாம். பதினோராவது நிமிஷம் என்பது ஆபத்துக்காக வைத்த முதலில் கைவைப்பது. திரும்பியே ஆக வேண்டிய அளவுக்கு 'பிங்கோ' என்று பெயர் வைத்து, புறப்படுமுன்பே அதை நிச்சயித்துக்கொள்வார்கள். சண்டையின் மும்முரத்தில் மனிதனுக்கு நியாயம் தோன்றாது என்பதை அறிந்து, அமைதியான வேளையிலேயே செய்துகொள்ளும் ஏற்பாடு அது.

உடம்பில் உறைக்கும் கோசைன்

அப்படியானால் திரிகோண கணிதத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, ஆனால் காகிதத்தில் அல்ல. விமானத்தைச் சாய்த்துத் திருப்பும்போது, இறக்கைகள் தரும் தூக்குவிசையும் சாய்ந்துவிடுகிறது. 60 டிகிரி சாய்ந்தால் அந்த விசையில் பாதியே மேல்நோக்கித் தாங்கும்; ஏனெனில் 60 டிகிரியின் கோசைன் அரை. உயரம் குறையாமல் திரும்ப வேண்டுமானால் இறக்கைகள் இரு மடங்கு தூக்க வேண்டும். 70 கிலோ எடையுள்ள மாணவன் அப்போது 140 கிலோ கனத்தை உணருகிறான். கையைத் தூக்குவதே பெரும் பாடாகிவிடுகிறது.

அதோடு நிற்கவில்லை. விமானம் காற்றில் நிற்பதற்கு வேண்டிய குறைந்த வேகமும் 2-ன் வர்க்க மூலப்படி கூடிவிடுகிறது. நேராகப் பறக்கையில் 100 மைல் வேகத்தில் நிற்கும் விமானம், இப்படித் திரும்பும்போது 141 மைல் வேகம் இல்லாவிட்டால் பிடிப்பை இழந்துவிடும். இறங்குவதற்காகத் தரைக்கு அருகில் வேகம் குறைந்து வரும் வேளையில் இதை மறந்து அவசரமாகச் சாய்த்துத் திருப்பி உயிரிழந்தவர்கள் உலகமெங்கும் உண்டு. அந்த வேளையில் வர்க்க மூலம் கண்டுபிடிக்க யாருக்கும் அவகாசம் இராது. ஆனால் அந்தச் சூத்திரத்தின் பொருளை மனத்தில் வாங்கிக்கொண்டவனுடைய கை, தானாகவே தயங்கும். கணிதம் இங்கே கணக்குப் போடுவதற்காக அன்று, எச்சரிக்கையாக உதவுகிறது.

ஒரு பெருக்கல் செய்த பிழை

கணக்குத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும், கணக்கு எப்படிக் காப்பாற்றும் என்பதற்கும் ஒரே நிகழ்ச்சியை உதாரணமாகச் சொல்லலாம். அது போர் விமானம் அல்ல, பிரயாணிகள் விமானம். ஆனால் முடிவில் அதைக் காப்பாற்றிய அறிவு விமானப் படையில் பெற்றது என்பதால் இங்கே அது பொருந்தும்.

1983-ம் வருஷம் ஜூலை 23-ந் தேதி கானடாவில் மான்ட்ரியாலிலிருந்து ஓட்டவா வழியாக எட்மன்டனுக்குப் புறப்பட்ட போயிங் 767 விமானத்தில் எரிபொருள் அளக்கும் கருவி வேலை செய்யவில்லை. ஆகவே அளவுகோலை விட்டுப் பார்த்து, தொட்டிகளில் 7,682 லிட்டர் இருப்பதாகக் கண்டார்கள். பிரயாணத்துக்கு 22,300 கிலோ தேவை. லிட்டரைக் கிலோவாக்க வேண்டும். அச்சமயம் அந்த நாடு ராத்தல் கணக்கிலிருந்து கிலோ கணக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. புதிய முறையில் அவர்களுக்குப் போதிய பயிற்சியும் அளிக்கப்படவில்லை. ஒரு லிட்டருக்கு 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள். அது ராத்தலுக்குரிய எண். கிலோவுக்குரியது சுமார் 0.8. விடை 13,597 'கிலோ' என்று வந்தது. உண்மையில் இருந்ததோ 6,200 கிலோவுக்கும் குறைவு. மீதிக்கென்று சுமார் 4,900 லிட்டரை நிரப்பிக்கொண்டு கிளம்பினார்கள். வேண்டியதில் பாதிகூட இல்லாமல் விமானம் 41,000 அடி உயரத்துக்கு ஏறிற்று. நடுவழியில் இரண்டு எஞ்சின்களும் நின்றுபோயின.

அவர்கள் செய்த பெருக்கலில் யாதொரு தவறும் இல்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். எந்த உபாத்தியாயரும் அதற்கு முழு மார்க்குப் போட்டிருப்பார். ஆனால், "இந்த விடை நடக்கக்கூடியதா?" என்று யாரும் கேட்கவில்லை. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்பது சமையலறையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். விமானத்தின் எரிபொருளும் மண்ணெண்ணெய் இனந்தான். தண்ணீரைவிட லேசான ஒரு பொருள், லிட்டருக்கு 1.77 கிலோ எப்படி இருக்க முடியும்? இந்த ஒரு கேள்வி எழுந்திருந்தால் அந்த விமானம் தரையிலேயே நின்றிருக்கும்.

இனி, அவர்கள் தப்பிய கதை. எஞ்சின் இல்லாமல் மிதந்துவந்த அந்த விமானத்தில், துணை விமானி மோரிஸ் குவின்டால், தரையிலிருந்து ராடார் மூலம் சொல்லப்பட்ட தூரத்தையும் உயரமானி காட்டிய உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். 10 கடல் மைல் போவதற்குள் 5,000 அடி இறங்கியிருக்கிறோம். அப்படியானால் வின்னிபெக் நகரத்து நிலையம் எட்டாது. சாதாரண வகுத்தல் கணக்கு; ஆனால் மரணம் கண்ணெதிரே நிற்கும்போது போட்ட கணக்கு. அவர் முன்பு கானடா விமானப் படையில் கிம்லி என்ற இடத்தில் இருந்தவர். அந்தப் பழைய படைத் தளத்தின் ஓடுபாதை எட்டும் தூரத்தில் இருப்பதை உணர்ந்து சொன்னார். மிதவை விமானத்தில் பழகியவரான தலைமை விமானி ராபர்ட் பியர்சன் விமானத்தைப் பக்கவாட்டில் சரித்து உயரத்தைக் குறைத்து அங்கே இறக்கினார். 61 பிரயாணிகளும் 8 சிப்பந்திகளும் உயிர் பிழைத்தார்கள்.

யந்திரம் இருக்கும்போது

"இப்போதுதான் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் செய்கிறதே!" என்பாருக்கு இதுவே பதில். யந்திரம், நாம் கொடுக்கும் எண்ணைக் கொண்டு விடை தரும்; கொடுத்த எண் தவறு என்று சொல்லாது. விமானிக்கு உதவும் கணக்குக் கருவிகள் புதியவை அல்ல. 1930-க்குப் பிந்திய பத்தாண்டுகளில் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த பிலிப் டால்டன், வட்டமான ஸ்லைடு ரூல் போன்ற ஒரு கருவியை அமைத்தார். காற்று, வேகம், தூரம், எரிபொருள் எல்லாவற்றுக்கும் அதைத் திருப்பினால் விடை கிடைக்கும். பின்னர் ஈ-6-பி என்று பெயர் பெற்ற அதை யுத்த காலத்து விமானிகள் பயன்படுத்தினார்கள். இன்றும் பயிற்சி மாணவர்கள் கற்கிறார்கள். அதில் தசமப் புள்ளி கிடையாது. விடை 15-ஆ, 150-ஆ என்பதைத் திருப்புகிறவர்தான் தம் அறிவால் சொல்ல வேண்டும். அதுவே அக்கருவி கற்பிக்கும் சிறந்த பாடம்.

உயர்ந்த கணிதம் தேவைப்படும் விமானிகளும் உண்டு. புது விமானங்களைப் பறந்து பார்த்து அவற்றின் குணங்களை அளந்து எழுதும் சோதனை விமானிகள் பொறியியலாளரின் பாஷையைப் பேசத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். அவர்களுக்கான பள்ளி பெங்களூரில் இருக்கிறது. இந்தியாவின் விண்வெளிப் பிரயாணத்துக்கென 2024-ல் அறிவிக்கப்பட்ட நால்வரும், அவர்களுள் ஒருவரான சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும், 2025-ல் சர்வதேச விண்வெளி நிலையம் சென்று திரும்பிய சுபான்ஷு சுக்லாவும் சோதனை விமானிகளே. ஆனால் அந்தப் படிப்பு பல வருஷம் பறந்தபின் வருவது. முதல் நாளே அதை எண்ணி மலைக்க வேண்டியதில்லை.

வீட்டில் செய்யக்கூடியது

ஆகவே, பெற்றோர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். விமானப் படையில் சேர விரும்பும் குழந்தை கணிதப் பாடத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் விட்டுவிடலாகாது; விட்டால் வாசற்கதவு அடைபட்டுவிடும். ஆனால் நூற்றுக்கு நூறு வாங்கவில்லையே என்று அந்தக் குழந்தையின் ஆசையைக் கிள்ளி எறியவும் வேண்டாம். கடைக்குப் போகும்போது மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முன்னதாகவே உத்தேசமாகச் சொல்லச் சொல்லுங்கள். ரயிலில் போகையில் மைல்கல்லையும் கடிகாரத்தையும் பார்த்து வேகத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விடை வந்தவுடன், "இது நம்பத்தக்கதாக இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். சத்தத்துக்கும் சந்தடிக்கும் நடுவில் கேளுங்கள்.

பெண் குழந்தைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். "பெண்ணுக்குக் கணக்கு வராது" என்ற பேச்சு இன்னும் சில வீடுகளில் கேட்கிறது. 2016-ம் வருஷம் ஜூன் 18-ந் தேதி அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவரும் நமது போர் விமானப் பிரிவில் முதல் பெண் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். தேசிய ராணுவக் கலாசாலையின் கதவும் பெண்களுக்குத் திறந்தது. 2025 மே மாதத்தில் 17 பெண்கள் அங்கே பயிற்சி முடித்து வெளிவந்தார்கள். அந்த 300 மார்க்குத் தாளை எழுதித் தேறியே அவர்கள் உள்ளே சென்றார்கள்.

கணக்கு என்பது ஆகாயத்துக்கு முன் நிற்கும் பூதம் அல்ல; கூடப் பறந்து வரும் துணை. அதை அளவோடு கற்று, அயராமல் பழகியவர்களுக்கு வழி திறந்தே இருக்கிறது. நம் குழந்தைகளை அந்த வழியில் அச்சமின்றி அனுப்பிவைப்போமாக.